1980இல் கட்டிய வீடு, 2024இல் குடிவந்த குடும்பம்: ஃபெங் சுய் கட்டத்துக்கு எந்த பீரியட்?

கேள்வியின் சுருக்கம் இது. சிங்கப்பூர் அங் மோ கியோவில் 1980இல் கட்டி முடித்த ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடு. முந்தைய உரிமையாளர் 2009இல் தரை, சமையலறை, குளியலறை எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறார். இவர்கள் 2023 டிசம்பரில் சாவி வாங்கி, தை பிறந்ததும் 2024 ஜனவரி கடைசியில் பால் காய்ச்சி, ரினோவேஷன் முடித்து மார்ச்சில் குடியேறியிருக்கிறார்கள். ஃபெங் சுய் என்ற சீன வாஸ்துவின் பறக்கும் நட்சத்திர முறையில் வீட்டுக்குக் கட்டம் (திசைக்குத் திசை எண்களை நிரப்பும் படம்) போடலாம் என்று மூன்று பேரிடம் கேட்டால், ஒருவர் பீரியட் 6 என்கிறார், ஒருவர் 8, இன்னொருவர் 9. கட்டடத்தின் முகப்பு 180 பாகை, நேர் தெற்கு. வாசல் பின்பக்கம், வடக்கே பொது நடைபாதையைப் பார்த்தபடி. இதில் எது சரி? வீட்டை ஒரு மாதம் பூட்டி வைத்துவிட்டுத் திரும்பக் குடிவந்தால் 9 ஆகிவிடும் என்று ஒருவர் சொன்னாராம், அதைச் செய்யலாமா?

என் பதில் 6. அந்த மூன்று பேரும் விவரம் தெரியாதவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆளுக்கொரு விதியைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஆனால் உங்கள் வீட்டுக்கு அந்த விதிகளில் ஒன்றுதான் பொருந்துகிறது. அது ஏன் என்பதற்கு முதலில் பீரியட் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம்.

பறக்கும் நட்சத்திர முறையில் காலம் 180 ஆண்டுச் சுற்று. அதில் 60 ஆண்டுகள் கொண்ட மூன்று பகுதிகள், ஒவ்வொன்றிலும் 20 ஆண்டுகள் கொண்ட மூன்று பீரியட்கள், ஆக மொத்தம் ஒன்பது. இப்போது ஓடும் சுற்று 1864இல் தொடங்கியது. நமக்கு வேண்டிய பகுதி மட்டும்: 1964 முதல் 1984 வரை 6, 1984 முதல் 2004 வரை 7, 2004 முதல் 2024 வரை 8, 2024 முதல் 2044 வரை 9. அறுபது ஆண்டுச் சுற்று நமக்குப் புதிதில்லை. நம்முடைய பிரபவ கடைசியாக 1987இல் வந்தது, சீனர்களின் சுற்று 1984இல் தொடங்கியது.

இந்த 20 ஆண்டுக் கணக்குக்கு வியாழனும் சனியும் சேரும் இடைவெளியைக் காரணம் காட்டுவார்கள். ஏறத்தாழ சரிதான், ஆனால் அச்சாகப் பொருந்தாது. அந்தச் சேர்க்கை 2000லும் 2020 டிசம்பரிலும் நடந்தது, பீரியட் மாறியதோ 2004லும் 2024லும். சராசரி இடைவெளி 20 ஆண்டுக்குக் கொஞ்சம் குறைவு என்பதால் நாளடைவில் விலகிக்கொண்டே போகும். ஆகவே வானத்தைப் பார்த்து பீரியடைத் தீர்மானிக்க முயலவேண்டாம். இது நாள்காட்டிக் கணக்கு.

பீரியட் மாறும் நாள் சீனப் புத்தாண்டு அல்ல, லீ சுன் எனப்படும் வசந்தத் தொடக்கம். சூரியன் தன் வான்பாதையில் 315 பாகைக்கு வரும் நேரம் அது, பெரும்பாலும் பிப்ரவரி 4. 2024இல் சிங்கப்பூர் நேரப்படி பிப்ரவரி 4 மாலை நாலரை மணியை ஒட்டி பீரியட் 9 தொடங்கியது. சீனப் புத்தாண்டோ பிப்ரவரி 10. இடையில் உள்ள ஆறு நாளில் குடியேறியவர்கள் தப்பான தேதியைப் பிடித்துக் குழம்புவது உண்டு.

இணையத்தில் "பீரியட் 9 2017லேயே வந்துவிட்டது" என்றும் படித்திருப்பீர்கள். அது பொய்யில்லை. வேறு முறையின் கணக்கு. 180 ஆண்டை இரண்டு தொண்ணூறாகப் பிரித்து, மூன்று கோடுகளை அடுக்கிய சீனக் குறியில் முழுக்கோட்டுக்கு 9 ஆண்டு, உடைந்த கோட்டுக்கு 6 ஆண்டு என்று எண்ணும் ஒரு மரபு இருக்கிறது. அதில் ஐந்தாம் பீரியடே கிடையாது. ஒன்பதாவது 2017இல் தொடங்கி 27 ஆண்டுகள் ஓடும். அந்தக் கணக்கு அந்த முறைக்குள் மட்டுமே செல்லும். பறக்கும் நட்சத்திரக் கட்டத்தில் அந்தத் தேதியைக் கொண்டுவந்து பொருத்தினால் இரண்டுமே கெடும்.

சரி, வீட்டுக்கு எந்தத் தேதியை எடுப்பது? இங்கேதான் சண்டை.

இந்த முறையைப் பலரும் படிக்கும்படி வெளியே கொண்டுவந்தவர் சிங் வம்சக் காலத்தின் இறுதியில் வாழ்ந்த ஷென் சூரெங் (1849-1906). அவர் காலத்துப் பதிவுகளில் ஒவ்வொரு வீடும் எந்தத் திசையில் அமர்ந்து எந்தத் திசையைப் பார்க்கிறது, எந்த பீரியடில் கட்டப்பட்டது என்றே குறிக்கப்பட்டிருக்கும். கல்லறை என்றால் அடக்கம் செய்த பீரியட். அன்றைய சீனக் கிராமத்தில் வீடு எழுந்த விதத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு குடும்பம் தன் நிலத்தில் சுவர் எழுப்பும், நல்ல நாள் பார்த்து உச்சி உத்தரத்தை ஏற்றும், ஓடு வேயும், சில வாரங்களில் குடிபோகும். கட்டிய தேதி, கூரை மூடிய தேதி, குடியேறிய தேதி மூன்றும் ஒரே பீரியடுக்குள் விழுந்துவிடும். எது கணக்கு என்று யாரும் கேட்கத் தேவையே இல்லை. அடுக்குமாடி வந்தது, மறுவிற்பனை வந்தது, நாற்பது வருட வீட்டைப் புதிதாக்கும் ரினோவேஷன் வந்தது. மூன்று தேதிகளும் ஒன்றைவிட்டு ஒன்று விலகிப் போயின. ஹாங்காங்கிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இன்று நடக்கும் வாதம் முழுவதும் இந்த விலகலால் வந்ததுதான்.

முதல் கட்சி, கட்டிய தேதி. கூரை மூடி, கட்டடம் வெளியிலிருந்து தனக்கென ஒரு உள்வெளியைப் பிரித்துக்கொண்ட கணத்தில் அந்தக் காலத்து 'ச்சி', அதாவது உயிராற்றல், உள்ளே அடைபட்டுவிடுகிறது என்பது வாதம். அதன் மையத்தைத் தியான் சின், வானத்தின் இதயம் என்பார்கள். அது மாறாதவரை பீரியட் மாறாது.

இரண்டாவது கட்சி, குடியேறிய தேதி. ஆள் இல்லாத வீட்டுக்கு ஃபெங் சுய் யாருக்கு என்பது இவர்கள் கேள்வி. கேள்வி நியாயமானது. மனிதன் நடமாடி, அடுப்பு எரிந்து, கதவு திறந்து மூடும்போதுதான் வீடு வேலை செய்யத் தொடங்குகிறது என்கிறார்கள். அடுக்குமாடிகளுக்கு இப்படிப் பார்ப்பவர்கள் இப்போது நிறைய. எனக்கு இதில் ஒரு இடம் உதைக்கிறது. ஒரே மாடியில் ஒரே அமைப்புள்ள இரண்டு வீடுகள், ஒன்றில் 1981 முதல் ஒரு பாட்டி இருக்கிறார், பக்கத்தில் 2024இல் நீங்கள் வந்தீர்கள். சுவர் பொது, கூரை பொது, தெற்கே திறந்திருக்கும் வெளி பொது. ஆனால் இரண்டு கட்டங்களுக்கும் ஒட்டே இருக்காது. வாடகைக்காரர் மாறும்போதெல்லாம் கட்டம் மாறும். அப்படியானால் நாம் கணிப்பது வீட்டையா, ஆளையா? ஆளைக் கணிக்க வேறு முறைகள் இருக்கின்றனவே.

இதே கட்சிக்குள்ளேயே இன்னொரு சிக்கல் உங்கள் வீட்டில் அழகாக வந்து நிற்கிறது. குடியேறியது எது? ஜனவரியில் பால் காய்ச்சியதா, மார்ச்சில் மூட்டை முடிச்சோடு வந்து தூங்கியதா? முன்னதை எடுத்தால் பீரியட் 8, பின்னதை எடுத்தால் 9. குழந்தை பிறந்த நேரம் தலை தெரிந்த கணமா, முழுதாக வெளிவந்த கணமா, முதல் அழுகையா என்று ஜோதிடர்கள் வாதிடுவதைப் போலத்தான் இதுவும். குடியேறிய தேதிக் கட்சிக்காரர்களில் பெரும்பாலோர் தொடர்ந்து தங்கத் தொடங்கிய நாளைத்தான் எடுப்பார்கள். பூஜை கணக்கில் வராது. அடுப்பை ஒருநாள் ஏற்றிவிட்டு ஆறு வாரம் பூட்டி வைத்த வீட்டில் யாரும் வாழவில்லை. ஆகவே அந்த விதிப்படி போனாலும் உங்களுக்கு 8 வராது, 9தான் வரும்.

மூன்றாவது கட்சி, ரினோவேஷன். பெரிய அளவில் புதுப்பித்தால் வானத்தின் இதயம் மாறும் என்பது பழைய நூல் மரபிலேயே உண்டு. ஆனால் அங்கே 'பெரிய அளவு' என்றால் கூரையைப் பிரித்து வானம் தெரிய வைப்பது. தனி நிலத்தில் நிற்கும் தரை வீட்டில் இது நடக்கக்கூடிய காரியம். பழைய வரிசை வீட்டை வாங்கி, கூரையைக் கழற்றி, மேலே இன்னொரு மாடி எழுப்பினால் அது புதிய பிறப்பு என்பதை நானும் ஏற்கிறேன். வீவக வீட்டில் உங்கள் கூரை என்பது மேல்வீட்டுக்காரரின் தரை. அதைப் பிரிக்க அவரும் சம்மதிக்க மாட்டார், கழகமும் விடாது. 2009இல் முந்தையவர் செய்தது டைல்ஸ், அலமாரி, குழாய். நீங்கள் செய்ததும் ஏறக்குறைய அதேதான். இதற்கெல்லாம் பீரியட் மாறாது. இல்ல மேம்பாட்டுத் திட்டத்தில் கழிவறையும் வாசல் கதவும் இரும்புக் கேட்டும் புதிதாக வந்தாலும் மாறாது.

இப்போது கட்டத்துக்கு வருவோம். இந்தத் தேர்வு ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்பது எண்ணைப் பார்த்தால்தான் புரியும்.

பீரியட் எண்ணை நடுவில் வைத்து, வடமேற்கு, மேற்கு, வடகிழக்கு, தெற்கு, வடக்கு, தென்மேற்கு, கிழக்கு, தென்கிழக்கு என்ற வரிசையில் எண்களைப் பறக்கவிடுவார்கள். வீடு அமர்ந்திருக்கும் திசையில், அதாவது முகப்புக்கு எதிர்ப்பக்கத்தில், விழும் எண் மலை நட்சத்திரத்தின் நடு எண். பார்க்கும் திசையில் விழுவது நீர் நட்சத்திரத்தின் நடு எண். அந்த இரண்டையும் மறுபடி பறக்கவிட வேண்டும், ஒவ்வொன்றும் முன்னோக்கியோ பின்னோக்கியோ போகும். மலை நட்சத்திரம் உடல்நலம், உறவு. நீர் நட்சத்திரம் பணம், வேலை. 2024 முதல் 2044 வரை ஆட்சியில் இருப்பது 9, அதனால் நீர் 9 எங்கே விழுகிறது என்பதைத்தான் எல்லாரும் முதலில் தேடுகிறார்கள்.

நேர் தெற்கு பார்த்த உங்கள் வீட்டை பீரியட் 6இல் போட்டால் தெற்கில் 6-6 சேர்ந்து நிற்கும். மலை முதலில், நீர் அடுத்தது. நீர் 9 வடமேற்கில், 3-9 ஆக. வாசல் இருக்கும் வடக்கில் 7-5. பீரியட் 8இல் போட்டால் தெற்கில் 8-8, நீர் 9 வடகிழக்குக்குப் போய்விடும், வாசலில் 9-7. பீரியட் 9இல் போட்டால் 9-9 இரண்டும் சேர்ந்து வடக்கே, நேராக உங்கள் வாசலில் வந்து உட்காரும்.

ஒரே வீடு, ஒரே திசைமானி அளவு. பண நட்சத்திரம் ஒரு கணக்கில் படுக்கையறையிலும், இன்னொன்றில் சமையலறையிலும், மூன்றாவதில் வாசலிலும் நிற்கிறது. மூன்றாவது கட்டம் பார்க்க எவ்வளவு இனிப்பாக இருக்கிறது பாருங்கள். முதல் கட்டத்தில் அதே வாசலில் எவருக்கும் பிடிக்காத 5 நிற்கிறது. பீரியட் 9 என்று சொன்னவர் இதைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார் என்று நான் குற்றம் சாட்டவில்லை. ஆனால் வீட்டுக்காரர் எதைக் கேட்க விரும்புவார் என்பது ஊருக்கே தெரியும். அதனால்தான் என்னிடம் கேட்பவர்களுக்கு நான் வைக்கும் ஒரே நிபந்தனை: விதியை முதலில் முடிவு செய்யுங்கள், கட்டத்தை அப்புறம் பாருங்கள். மூன்று கட்டத்தையும் பக்கத்தில் பரப்பி வைத்து, பிடித்ததை எடுத்துக்கொண்டால் அது கணிப்பு இல்லை, ஷாப்பிங்.

"நடந்ததோடு ஒப்பிட்டுப் பார்த்து எந்தக் கட்டம் பொருந்துகிறதோ அதை எடுக்கலாமே" என்பார்கள். பழைய ஆசான்கள் அப்படிச் சோதித்ததுண்டு. அவர்களுக்கு ஒரே குடும்பத்தின் பல தலைமுறைக் கதை கையில் இருந்தது. உங்களிடம் இருப்பது குடிவந்த பிறகான கொஞ்சக் காலத்துக் கதையும், முந்தையவரைப் பற்றிப் பக்கத்து வீட்டில் கேட்டதும். எண்பத்தோரு எண் ஜோடிகள் இருக்கும் ஒரு முறையில், எந்தக் கட்டத்தை நீட்டினாலும் ஏதாவது ஒன்று பொருந்தத்தான் செய்யும். இந்த முறைக்கு அறிவியல் நிரூபணம் கிடையாது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். நிரூபணம் இல்லாத இடத்தில் விதி ஒழுங்காக இருப்பது இன்னும் முக்கியம். அதுவும் இல்லாவிட்டால் மிச்சம் ஒன்றுமில்லை.

பீரியட் 6 என்றதும் "அது 1984லேயே முடிந்துபோனதே, செத்த வீடா எங்களுடையது?" என்று பயப்பட வேண்டாம். பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இது. கட்டம் போடும் பீரியட் வேறு, இப்போது ஓடும் பீரியட் வேறு. கட்டம் அப்படியே இருக்கும். அதில் உள்ள எந்த எண்ணுக்கு இப்போது பலம் என்பதுதான் மாறும். உங்கள் 6ஆம் பீரியட் கட்டத்திலும் 9 இருக்கிறது: நீர் 9 வடமேற்கில், மலை 9 கிழக்கில். இரண்டுக்கும் இது நல்ல காலம். தெற்கே உள்ள 6-6க்குப் பழைய வேகம் இல்லை, ஆனாலும் 6 இயல்பில் சாந்தமான எண், தொந்தரவு செய்யாது.

தேதியை எங்கே உறுதி செய்வது என்றால், வீவக வீட்டுக்குக் குத்தகை தொடங்கிய ஆண்டு மறுவிற்பனைப் பதிவுகளிலேயே இருக்கும். 1980 என்றால் இரண்டு பக்கமும் தாராளமாக இடம் இருக்கிறது, மேற்கொண்டு தோண்ட வேண்டாம். 1984 அல்லது 2004 என்று இருந்தால்தான் கட்டடம் முடிந்த மாதம் தேவைப்படும். தனியார் கொண்டோமினியம் என்றால் தற்காலிகக் குடியிருப்பு அனுமதி கிடைத்த தேதியைப் பார்க்கலாம். உண்மையில் கூரை அதற்குச் சில மாதம் முன்பே மூடியிருக்கும் என்பதை மனதில் வையுங்கள். 2004 ஏப்ரலில் அனுமதி கிடைத்த கட்டடத்தை நான் யோசிக்காமல் 7 என்றே எடுப்பேன்.

பீரியடுக்கு இவ்வளவு மண்டையை உடைத்துக்கொள்பவர்கள் திசையைப் போனில் ஒருமுறை பார்த்துவிட்டு விட்டுவிடுவது எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருக்கும். சுவருக்குள் இருக்கும் கம்பி முள்ளை இழுக்கும். வட்டம் 15 பாகை கொண்ட 24 துண்டுகளாகப் பிரிந்திருக்கிறது, இவற்றுக்கும் 'மலை' என்றுதான் பெயர். உங்கள் 180 நடுத் தெற்கின் மையத்தில் விழுகிறது, அது 172.5 முதல் 187.5 வரை. அந்தக் கீழ் எல்லையைத் தாண்டி 170 என்று வந்தால் கட்டமே வேறு. கட்டடத்துக்கு வெளியே, கார்களிலிருந்து தள்ளி, இரண்டு மூன்று இடத்தில் நின்று அளந்து பாருங்கள்.

ஒரு மாதம் பூட்டி வைக்கும் யோசனை வேண்டாம். 2024க்கு முன்பும் பின்பும் "பீரியட் 9க்கு மாற்றித் தருகிறோம்" என்பது ஒரு வியாபாரமாகவே நடந்தது. தரை வீட்டில் கூரை ஓட்டைச் சிலதை எடுத்து வானத்தைக் காட்டிவிட்டு மூடுவதும் அதில் ஒரு வழி. உங்கள் விஷயத்தில் இது இரண்டு விதத்திலும் வீண். கட்டிய தேதிக் கட்சிப்படி பூட்டித் திறப்பதால் எதுவும் மாறாது. குடியேறிய தேதிக் கட்சிப்படி நீங்கள் ஏற்கெனவே 9இல்தான் இருக்கிறீர்கள், பூட்டவே தேவையில்லை. ஒரு மாத வாடகையை வேறு இடத்தில் கொடுப்பதற்கு எந்தக் கட்சியிலும் காரணம் இல்லை.

6ஆம் பீரியட் கட்டத்தை வைத்துக்கொண்டு என்ன செய்யலாம் என்றால், வடமேற்கு அறையை வெறும் தூங்கும் இடமாக விடாமல், ஒரு மேசை போட்டு வேலை பார்க்கும் இடமாகவும் ஆக்குங்கள். நீர் நட்சத்திரம் என்றாலே தொட்டி வைக்க வேண்டும் என்றில்லை, நடமாட்டமும் வெளிச்சமும் போதும். கிழக்கே அறை இருந்தால் பிள்ளைகள் அங்கே படுக்கலாம். வாசலில் இருக்கும் 5 பூமி எண், அதன் வலுவை உலோகம் உறிஞ்சும் என்பது கணக்கு. கூடவே நிற்கும் 7 உலோகம்தான், பாதி வேலையை அதுவே செய்கிறது. வாசலில் சிவப்பு விளக்கும் சிவப்பு மிதியடியும் இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும், சிவப்பு நெருப்பின் நிறம், நெருப்பு பூமியை வளர்க்கும். அங்கே விளக்கேற்றும் வழக்கம் இருந்தால் அதை நிறுத்தச் சொல்ல மாட்டேன்.

ஆண்டுதோறும் இடம் மாறும் ஆண்டு நட்சத்திரங்களுக்கு வீட்டின் பீரியட் எதுவானாலும் கவலையில்லை, எல்லா வீட்டுக்கும் ஒரே இடம்தான். ஆண்டின் 5, 2025இல் வடகிழக்கு, 2026இல் தெற்கு. 2026இல் அது உங்கள் 6-6 மேல் வந்து விழுகிறது, இரண்டும் உலோகம் என்பதால் பெரிதாக ஒன்றும் செய்யாது. லீ சுன் தொடங்கி அடுத்த லீ சுன் வரை தெற்குச் சுவரில் துளை போடுவது, ஜன்னலை மாற்றுவது மாதிரியான வேலைகளை மட்டும் தள்ளிப் போடுங்கள்.